மேடைக் குரலும் மக்கள் பாட்டும்: கிட்டப்பா முதல் பவரொட்டி வரை

கொட்டகலை புகையிரத நிலையத்திற்கு அண்மையிலுள்ள தேநீர்க்கடையொன்றில் சில வாரங்களுக்கு முன்னர் எழுந்த வாதமொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பாடசாலையிற் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாகக் கற்றவர். நல்ல சாரீரம் வாய்க்கப்பெற்றவர். வார இறுதிகளில் இசைக்குழு ஒன்றுடன் சேர்ந்து திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் சினிமாப் பாடல்களைப் பாடி நாலு காசு சம்பாதித்து வந்தார். இதனை அறிந்த அவரது சங்கீத ஆசிரியர், "குரலைக் கெடுத்துக்கொண்டாய், இனி என்னிடம் பாட வராதே" என்று கூறிவிட்டாராம். ஆசிரியர் சொன்னது சரியென்று கடையில் இருந்தோரில் பாதிப்பேர் கூறினர். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று மீதிப்பேர் கூறினர். தேநீர் ஆறியும் வாதம் ஆறவில்லை.

இது கொட்டகலைக்கு மட்டும் உரிய வாதமன்று. இத்தாலியிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நூறு வருடங்களுக்கு மேலாக நடந்துவரும் வாதம் இது. ஒபேரா எனப்படும் மேலைத்தேய இசை நாடகத்தின் தலைமைப் பாடகர் ஒருவர் சந்தையில் விலைபோகும் மெல்லிசைப் பாடலைப் பாடலாமா, பாடினால் அவர் கலைஞரா வியாபாரியா என்னும் கேள்வி அங்கே பத்திரிகைகளின் பக்கங்களை நிரப்பியிருக்கிறது. அக்கேள்வியை விளங்கிக்கொள்ள அந்தக் குரல் எத்தகையது, அது எப்படி உருவாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஒபேராவில் ஆண்களின் குரல்கள் பொதுவாக மூன்றாக வகுக்கப்படும். அடியிற் செல்வது பாஸ், இடைப்பட்டது பாரிடோன், உச்சத்தில் நிற்பது டெனர். கதாநாயகன் பெரும்பாலும் டெனர் குரலிற்கே உரியவன். நமது இசை நாடக மேடையின் மொழியிற் சொல்வதாயின் அவரே ராஜபார்ட். டெனர் பாடகரின் எல்லை ஏறத்தாழ இரண்டு ஸ்தாயிகள். அதன் மேல் எல்லையில் நிற்கும் சுரத்தை அவர்கள் 'ஹை சி' என்பர். அது செக்கனுக்கு 523 அதிர்வுகள் கொண்ட ஒலி. அந்த ஒரு சுரத்திற்காகவே நுழைவுச்சீட்டு வாங்குவோர் உளர்.

இதனை நமது கட்டைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று புலனாகும். ஹார்மோனியத்தில் ஒரு கட்டை என்பது மேலைத்தேயத்தாரின் 'சி'. ஐந்து கட்டை என்பது அவர்களின் 'ஜி'. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஆண் ஒருவர் மேல் ஸ்தாயி மத்திமத்தைத் தொட்டால், அவர் நின்றிருப்பது அந்தப் புகழ்பெற்ற 'ஹை சி' சுரத்தின் மீதேதான். பஞ்சமத்தைத் தொட்டாரெனில் அதையும் கடந்துவிட்டார். இன்று கச்சேரி மேடைகளில் ஆண் வித்துவான்கள் பெரும்பாலும் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையிற் பாடுகின்றனர். ஆனால் 1920களில் தமிழ் இசை நாடக மேடையில் ஐந்து கட்டை என்பது கதாநாயகனிடம் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. மிலான் நகரின் டெனர் எந்த உயரத்தில் நின்று பாடினாரோ, அதே உயரத்தில் நின்று மதுரையிலும் கொழும்பிலும் நம்மவர்கள் விடிய விடியப் பாடினார்கள்.

காரணம் எளியது. இருவருக்கும் ஒலிவாங்கி இல்லை.

ஐம்பது அறுபது வாத்தியங்கள் முழங்கும் குழுவின் முன்னே நின்று, இரண்டாயிரம் பேர் அமர்ந்த மண்டபத்தின் கடைசி வரிசைக்கு ஒரு மனிதக் குரல் எவ்வாறு சென்று சேர்கிறது? சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஜொஹான் சுன்ட்பெர்க் 1970களில் இதனை விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலிவலு பெரும்பாலும் செக்கனுக்கு 500 அதிர்வுகளை அண்டிய பகுதியிற் குவிந்து, அதற்கு மேலே படிப்படியாகத் தணிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஒபேராப் பாடகர் தமது தொண்டைக் குழாயின் வடிவை மாற்றி, 3000 அதிர்வுகளை அண்டிய பகுதியிலே தமது குரலுக்கு ஒரு கூர்மையை ஏற்படுத்திக்கொள்கிறார். வாத்தியங்கள் மெலியும் இடம் அது. மனிதச் செவி மிகவும் விழிப்பாக இருக்கும் இடமும் அதுவே. ஆகவே பலத்தினால் அல்ல, இடைவெளியொன்றைக் கண்டுபிடித்து அதனூடாக நுழைவதாலேயே குரல் வெளியே வருகிறது. கத்துவதும் பாடுவதும் வேறு வேறு என்று முதியோர் சொல்வதன் பௌதிகம் இதுதான்.

மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. மாசி மாதத்திலே காமன் பொட்டலில் கூத்து நடக்கும்போது, ரதி மன்மதன் பாட்டு எதிர்மலை லயம் வரை கேட்கும். அர்ச்சுனன் தபசில் மரத்தின் உச்சியில் இருந்து பாடுபவரின் குரல், கீழே முழங்கும் தப்பையும் தாண்டி வந்தது. அவர்கள் எவரும் சங்கீதப் பாடசாலைக்குச் சென்றவர்கள் அல்லர். கூத்து வாத்தியார் ஒருவரிடம் வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுப் பாடியவர்கள். பனியிலும் குளிரிலும் வெட்டவெளியிற் பாடும் குரல் தானாகவே தனக்கு வேண்டிய கூர்மையைத் தேடிக்கொள்கிறது.

இனி, தமிழ் மேடையின் தலைசிறந்த டெனர் என்று நாம் தயங்காமற் சொல்லக்கூடிய ஒருவரைப் பற்றிப் பார்ப்போம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்ட் 25இல் பிறந்தார். இராமகிருஷ்ணன் என்பது இயற்பெயர். குடும்பம் வறுமைப்பட்டது. சகோதரர்களுடன் சேர்ந்து சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் இணைந்தார். அக்காலத்தில் சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்தும் 'பாய்ஸ் கம்பெனி' முறை தமிழகத்திற் பரவியிருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா இம்முறையிற் பேர்போனது. உணவும் உடையும் தந்து, பாட்டும் வசனமும் மனனம் செய்வித்து, தவறினால் அடியும் கொடுத்த கடுமையான பள்ளிகள் அவை. அவற்றின் கொடுமைகளை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும், இத்தாலியின் பெரிய இசைக் கல்லூரிகள் செய்த பணியை ஏழைச் சிறுவர்களுக்கு அன்று செய்தவை அக்கம்பெனிகள்தாம் என்பதையும் மறுக்க முடியாது.

கிட்டப்பா எந்தப் பெரிய வித்துவானிடமும் முறையாகக் குருகுலவாசம் செய்தவர் அல்லர். கேள்வி ஞானமே அவரது மூலதனம். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' நாடகத்தில் அவர் பெற்ற புகழ் தென்னகமெங்கும் பரவிற்று. நாடகத்தின் நடுவே தியாகராஜரின் 'எவரனி' போன்ற கீர்த்தனையை எடுத்து இராகத்தை விரித்துப் பாடுவார். கதை அங்கேயே நிற்கும். சபையினர் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். மறுபடியும் பாடுவார். கச்சேரி வித்துவான்களும் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி அவரது நாடகத்தைக் கேட்கச் சென்றனர் என்பர். மறுபக்கத்தில், அவர் பாடிய மெட்டுக்களை வண்டிக்காரரும் மூட்டை தூக்குவோரும் தெருவில் முணுமுணுத்தனர். சாஸ்திரீயம் என்றும் ஜனரஞ்சகம் என்றும் நாம் இன்று இழுக்கும் கோடு அவருடைய தொண்டையில் இருக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். ஒபேராவில் இசையமைப்பாளர் எழுதி வைத்த சுரங்களைப் பாடகர் ஏறத்தாழ அப்படியே பாட வேண்டும். நமது மேடையிலோ எழுதப்பட்ட பாட்டு ஒரு படிக்கட்டு மாத்திரமே. ஹார்மோனியக்காரர் தூண்டிவிட, பாடகர் எங்கெங்கோ ஏறிச் செல்வார். கிட்டப்பாவுக்கு ஹார்மோனியம் வாசித்தவர் அவரது சகோதரர் காசி ஐயர். ஆகவே, ஒபேரா டெனரின் உடல் உழைப்போடு கச்சேரி வித்துவானின் கற்பனையும் ஒரே இரவில் அவரிடம் வேண்டப்பட்டது. எந்தக் குரலும் தாங்கக்கூடிய சுமையன்று இது.

இலங்கைக்கும் இக்கதையில் இடமுண்டு. தமிழக நாடகக் கம்பெனிகளுக்குக் கொழும்பு ஒரு முக்கிய சந்தையாக விளங்கிற்று. கொடுமுடியைச் சேர்ந்த கே. பி. சுந்தராம்பாள் ஏற்கெனவே இங்கு மேடையேறிப் பெயர் பெற்றிருந்தார். 1926 அளவில் கொழும்பிலேதான் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இணைந்து நடிக்கத் தொடங்கினர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலனும் வள்ளியுமாக அவர்கள் பாடிய தர்க்கப் பாட்டுக்களைக் கேட்கவே கூட்டம் அலைமோதிற்று. உயரத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முயலும் இரு குரல்கள் அவை. 1927இல் இருவரும் மணம் புரிந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். சாதி வேறுபாடும் இருந்தது. மேடையில் நிலைத்த இணக்கம் வாழ்க்கையில் நிலைக்கவில்லை. பிரிவு ஏற்பட்டது.

1933 டிசம்பர் 2இல் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஒபேரா உலகில் அந்த வயது ஒரு டெனர் பாடகர் முதன்முறை மேடையேறும் வயது. சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளைச் சேலை உடுத்தார். 1935இல் 'நந்தனார்' திரைப்படத்திற்கு ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார். 'ஔவையார்', 'திருவிளையாடல்' எனத் தொடர்ந்து, 1980இல் மறையும் வரை அக்குரல் தணியவில்லை. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்துவிட்டபோதும் கிட்டப்பா திரையில் தோன்றவில்லை. அவர் எமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுக்களில் மட்டுமே.

அந்த இசைத்தட்டைப் பற்றியும் சில வார்த்தைகள். சாஸ்திரீயப் பாடகரை மக்கள் பாடகராக மாற்றியது மேடையன்று, இந்தக் கறுப்புத் தட்டுத்தான். பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் 1902 ஏப்ரலில் மிலான் நகர விடுதியறை ஒன்றில் என்ரிகோ கருசோ என்ற இளம் டெனரின் பத்துப் பாடல்களைப் பதிவு செய்தார். ஊதியம் நூறு பவுண். அதே மனிதர் அதே வருடம் நவம்பரிற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். ஆர்மீனிய வம்சத்தவராகப் பிறந்து, தாயுடன் இஸ்லாத்தைத் தழுவி, கயாலும் தும்ரியும் பாடிப் புகழடைந்த பெண்மணி அவர். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் என்பதே தட்டின் அளவு. இரவு முழுவதும் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்கக் கற்றவரே தட்டில் வென்றார். கருசோ ஒபேராப் பாடல்களுடன் நேப்பிள்ஸ் நகரத் தெருப் பாடல்களையும் பாடினார். கிட்டப்பாவும் இதே மூன்று நிமிடத்திற்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டவர்தான். சினிமாப் பாட்டின் நீளம் இன்றுவரை அந்தத் தட்டின் நிழலிலேயே நிற்கிறது.

மக்கள் மெட்டின் வலிமையை எமது மலையகமும் அக்காலத்தில் அறிந்தேயிருந்தது. ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களில் தொழிலாளரின் உரிமைப் பாடல்களை எழுதித் தாமே கூட்டங்களிற் பாடினார். அவை 1940இல் நூலாகவும் வந்தன. தொழிலாளர்க்கு எழுத்து எட்டாத இடத்திற் பாட்டு எட்டியது. அதனை யாரும் தரக்குறைவு என்று சொல்லவில்லை.

1930களுக்குப் பின் ஒலிவாங்கி வந்தது. அதன் விளைவை நாம் போதியளவு சிந்திப்பதில்லை. உயரம் தேவையற்றதாயிற்று. காதருகே முணுமுணுக்கும் குரலும் ஆயிரம் பேரைச் சென்றடைந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் மேடையின் உயரத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். அவரது 'ஹரிதாஸ்' 1944இல் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அவருக்குப் பின் வந்த ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்குரல்கள் ஒலிவாங்கி இல்லையேல் நமக்குக் கிடைத்திரா. இழப்பு என்று இதனைச் சொல்ல மாட்டோம். வேறொரு கலை பிறந்தது, அவ்வளவே. இருப்பினும் பழைய மேடைக் குரலின் பயிற்சிமுறை தமிழில் ஏறக்குறைய அறுந்துபோயிற்று. இத்தாலியில் அது அறுந்துபோகவில்லை.

லூசியானோ பவரொட்டியின் வாழ்க்கை அதற்குச் சான்று. 1935 ஒக்டோபர் 12இல் மொடேனா நகரிற் பாண் சுடும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையாரும் நன்றாகப் பாடக்கூடியவர். தாயார் சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சிறிது காலம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியராகவும் காப்புறுதி முகவராகவும் வேலை பார்த்தபடி பவரொட்டி குரற் பயிற்சி பெற்றார். வறுமையை உணர்ந்த அவரது முதல் ஆசிரியர் அரிகோ போலா கட்டணம் வாங்காமலே கற்பித்தார். ஆறு ஏழு வருடங்கள் பயிற்சியிலேயே கழிந்தன. 1961இல்தான் ரெஜியோ எமிலியா நகரில் புச்சினியின் 'லா போயெம்' ஒபேராவில் முதன்முறை மேடையேறினார். 1972 பெப்ரவரியில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மேடையிலே, ஒரே பாட்டில் ஒன்பது முறை வரும் 'ஹை சி'யைச் சிரமமின்றி எட்டியபோது சபை திரையை மீண்டும் மீண்டும் உயர்த்தச் செய்தது.

1990இல் இத்தாலியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெற்றது. புச்சினியின் 'துரந்தோ' ஒபேராவிலிருந்து அவர் பாடிய பாடலொன்றைப் பிரித்தானிய ஒளிபரப்புக் கூட்டுத்தாபனம் தனது நிகழ்ச்சிகளுக்கு முகப்பிசையாகப் பயன்படுத்த, ஒபேரா என்றால் என்னவென்றே அறியாத இரசிகர்கள் அதனை மனனம் செய்தனர். இறுதிப் போட்டிக்கு முந்திய இரவான ஜூலை 7இல், உரோமாபுரியின் பழைய கரகல்லா குளியல் மண்டப இடிபாடுகளின் நடுவே பிளாசிடோ டொமிங்கோ, ஹொசே கரேராஸ் ஆகியோருடன் அவர் பாடினார். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த கரேராஸை வரவேற்கும் நிகழ்வாகவும் அது அமைந்தது. அதன் ஒலிப்பதிவு சாஸ்திரீய இசைத் துறையில் விற்பனைச் சாதனை படைத்தது.

அதன் பின்னர் 1992 முதல் மொடேனாவில் மெல்லிசைப் பாடகர்களைக் கூட்டி வருடாந்தம் நிகழ்ச்சி நடத்தலானார். விமர்சகர்கள் பொங்கினர். அவர்களின் கோபம் முற்றிலும் நியாயமற்றதுமன்று. அதே 1992இல் மொடேனா நிகழ்ச்சியொன்றில் பதிவு செய்யப்பட்ட பாட்டுக்கு வாயசைத்தமை வெளிவந்து அவமானமாயிற்று. அவ்வருட இறுதியில் மிலான் லா ஸ்காலா மேடையிற் குரல் பிசகியபோது சபையினர் கூக்குரலிட்டனர். புகழின் பரபரப்பில் பயிற்சி தளர்ந்தால் நேர்வது இது. பாடிய மெல்லிசை அவரைக் கெடுத்ததா, பாடாமல் விட்ட சாதகம் கெடுத்ததா என்று கேட்டால், பின்னையதே என்பது எமது எண்ணம்.

ஆனால் அந்த மெல்லிசைத் தொடர்பினால் விளைந்த ஒன்றை முஸ்லிம் வாசகர்கள் சிறப்பாக நினைவுகூர்வர். பொஸ்னியப் போரின் போது சரஜேவோ நகரம் முற்றுகையில் இருந்த வேளை, யூ-டூ குழுவினருடன் இணைந்து 1995இல் அந்நகரைப் பற்றிய பாடலொன்றைப் பாடினார். அவ்வருட மொடேனா நிகழ்ச்சி பொஸ்னியச் சிறுவர்களுக்காகவே நடத்தப்பட்டது. போரினாற் சிதைந்து, குரோசியரும் முஸ்லிம்களும் ஆற்றின் இரு கரைகளாகப் பிளவுண்டிருந்த மொஸ்டார் நகரில் அவரது பெயரால் இசை நிலையமொன்று 1997 டிசம்பரிற் திறக்கப்பட்டது. ஒபேரா மேடையை விட்டு இறங்காதிருந்தால் அவ்வளவு நிதி திரண்டிருக்குமா? 2007 செப்டெம்பர் 6இல் அவர் காலமானார்.

அன்ட்ரியா பொச்செலியின் பாதை இதற்கு நேர்மாறானது. 1958இல் டஸ்கனிக் கிராமமொன்றிற் கண் நோயுடன் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் உதைபந்தாட்ட விபத்தொன்றில் பார்வையை முற்றாக இழந்தார். பீசா பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றபோது இரவு மதுச்சாலைகளிற் பியானோ வாசித்துப் பாடிப் பிழைத்தார். 1994இல் சன்ரெமோ இசைப் போட்டியிற் புதுமுகப் பிரிவில் வென்றார். 1996இல் சாரா பிரைட்மனுடன் பாடிய பிரியாவிடைப் பாடல், ஜேர்மனியக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் இறுதிப் போட்டியில் ஒலித்து, அந்நாட்டில் விற்பனைச் சிகரத்தை எட்டியது. முழு ஒபேராக்களிலும் நடிக்க முற்பட்டார். 1999இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் 'வெர்தெர்' ஒபேராவில் தோன்றியபோது, வாத்தியக் குழுவைத் தாண்டி அவரது குரல் வரவில்லை என விமர்சகர்கள் எழுதினர். ஒலிவாங்கியோடு வளர்ந்த குரலுக்கும் ஒலிவாங்கியின்றி வளர்ந்த குரலுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த விமர்சனம் சுட்டுகின்றது. ஆயினும், கொரோனாத் தொற்று மிலான் நகரை முடக்கியிருந்த 2020 ஏப்ரல் 12இல், வெறிச்சோடிய பேராலயத்தில் தனித்து நின்று அவர் பாடியதை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டனர்.

தமிழிலும் இரு கரைகளிலும் கால் வைத்தவர்களுக்குக் குறைவில்லை. எம். பாலமுரளிகிருஷ்ணா சினிமாவிற் பாடியதால் வித்துவத்தை இழந்துவிடவில்லை. மேடை நடிகரும் பாடகருமான அகஸ்டின் ஜோசப்பின் மகன் கே. ஜே. யேசுதாஸ் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடராகக் கச்சேரி செய்துகொண்டே, 1961 முதல் பல்லாயிரம் திரைப்பாடல்களையும் பாடினார்.

நாகூர் ஈ. எம். ஹனிபா இன்னொரு வகை. முறையான பயிற்சி எதுவுமின்றி, பழைய மேடைக் குரலின் உயரத்தையும் வீச்சையும் எமது தலைமுறை வரை கொண்டுவந்து சேர்த்தவர் அவரே. மீலாத் மேடையிலும் கட்சி மேடையிலும் ஒரே குரல், ஒரே உச்சம். 'குலேபகாவலி', 'பாவ மன்னிப்பு' ஆகிய படங்களிலும் பாடினார். இலங்கையின் ஊர்கள் பலவற்றில் அவர் குரலைக் கேட்டு விடிந்த நோன்பு நாட்களை முஸ்லிம் வாசகர்கள் அறிவர். கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலும் அவரது இறைவேண்டற் பாடல் ஒலித்ததை மலையகத்தவர் அறிவர். 2015 ஏப்ரல் 8இல் அவர் மறைந்தபோது இரு சமூகத்தாரும் வருந்தினர். அந்தக் குரலை மெல்லிசை என்பதா, சாஸ்திரீயம் என்பதா? எந்தப் பெட்டிக்குள்ளும் அது அடங்கவில்லை.

எமது நாட்டில் இவ்வாதம் ஒருமுறை அனல் பறக்க நடந்தது. 2016 பெப்ரவரி 4இல் காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவின் இசை நிகழ்வில், இலண்டன் ரோயல் ஒபேரா ஹவுஸில் பயிற்சி பெற்ற இலங்கைப் பாடகி கிஷானி ஜயசிங்க, 'தன்னோ புதுன்கே' என்னும் புகழ்பெற்ற சிங்களப் பாடலை ஒபேராக் குரலிற் பாடினார். பாடல் கெட்டுவிட்டது, பண்பாடு கெட்டுவிட்டது என்று ஒரு சாரார் ஏளனம் செய்தனர். வேடிக்கை என்னவெனில், அப்பாடல் ஜோன் டி சில்வா 1903இல் மேடையேற்றிய 'சிறிசங்கபோ' நாடகத்திற்காக எழுதப்பட்டது. அதற்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்த அதே அலைதான் தமிழ் மேடையையும் சிங்கள நூர்த்தி மேடையையும் வளர்த்தது. அதே தினத்தின் உத்தியோகபூர்வ வைபவத்தில் நீண்ட காலத்தின் பின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. எந்தப் பாட்டை யார், எந்தக் குரலில், எந்த மொழியிற் பாடலாம் என்பது வெறும் இசைப் பிரச்சினை அல்ல என்பதை அந்த ஒரு நாளே காட்டிற்று.

கொட்டகலை இளைஞரிடம் மீண்டும் வருவோம். அவர் கர்நாடக சங்கீதத்தைப் பட்டத்திற்குப் பயில விரும்பினால் யாழ்ப்பாணத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடத்திற்கோ, மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற்கோ செல்ல வேண்டும். இரண்டும் மலையகத்திலிருந்து தொலைவில் உள்ளவை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு போதாவிடின் அந்தக் கதவும் இல்லை. கட்டணம் கொடுத்துத் தனியாகப் பயில்வதற்கு தேயிலைக் கொழுந்தின் நாட்சம்பளத்தில் இடமில்லை. எஞ்சியிருப்பது இசைக்குழு ஒன்றே. அங்கே அவருக்குக் கிடைப்பது ஒலிவாங்கியும் நள்ளிரவு வரையிலான கூச்சலும்.

குரல் கெடும் என்று ஆசிரியர் அஞ்சியதில் உண்மை உண்டு. ஓய்வின்றி இரவு முழுவதும் பாடுவதும், வாத்தியச் சத்தத்துடன் போட்டியிட்டுத் தொண்டையை இறுக்குவதும், பனிக்காற்றில் நின்று பாடிவிட்டு மறுநாள் காலையிற் சாதகத்தைத் தவிர்ப்பதும் குரலைக் கெடுக்கும். பாட்டின் வகை கெடுப்பதில்லை. ஆகவே அவர் செய்திருக்க வேண்டியது மாணவனை விலக்குவதன்று. வாரத்திற்கு எத்தனை இரவு பாடலாம், எந்தச் சுருதியிற் பாடலாம், இடையே தொண்டையை எவ்வாறு ஆற்றுவது என்பதைச் சொல்லிக் கொடுப்பதே. மொடேனாவின் அரிகோ போலா பாண் சுடுபவரின் மகனிடம் கட்டணம் கேட்டிருந்தால் உலகம் ஒரு காப்புறுதி முகவரை மாத்திரமே பெற்றிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தோட்டங்களிற் காமன் கூத்து வாத்தியார்கள் இன்றும் சிலர் இருக்கின்றனர். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர் பாடக் கற்றவர்கள் அவர்களுள் அருகிவிட்டனர். அவர்களது குரலைப் பதிவு செய்வதும், வெட்டவெளியிற் குரலை எறியும் அவர்களது முறையைப் பாடசாலை மாணவர்க்குக் காட்டுவதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்கள் அல்ல. எமது சங்கீத ஆசிரியர்கள் ஒரு மாசி இரவில் காமன் பொட்டலுக்குச் சென்று அமர்ந்து கேட்டாலே போதும். அந்த இளைஞரையும் உடன் அழைத்துச் செல்லலாம். தேநீர்க்கடை வாதம் முடிந்த மறுவாரம் நாம் அவரைச் சந்தித்தபோது, தாம் அர்ச்சுனன் தபசில் ஒருமுறை கூடப் பாடியதில்லை என்று கூறினார். அவருடைய பாட்டனாரோ தமது தோட்டத்தில் பதினொரு வருடம் தபசு மரம் ஏறியவராம்.